காட்டேரிக்கு மூன்று நட்சத்திரம்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அக்காவுக்கும் தங்கை பொன்தான். ஆனால் பொன் என்று தெரிந்த பிறகும் ஒருமுறை உரசிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைப்பாள். அவள் கை பழகிய விதம் அப்படி.

பதினெட்டு வருஷமாக அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து முடித்த சட்டை அவள் மேசைக்கு வரும். காலர், தோள், கை, பட்டன், ஓரத்தையல் என்று வரிசை மாறாமல் பார்ப்பாள். குறை தென்பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். சரிசெய்து கொண்டு வந்தால் மறுபடி காலரிலிருந்து தொடங்குவாள்.

"ஸ்டிக்கர் ஒட்டின இடத்தை மட்டும் பாருங்கக்கா, வண்டி கிளம்பிடும்" என்று தையல்காரப் பெண்கள் கெஞ்சினாலும் நடக்காது.

"ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இன்னொரு ஓட்டை போட்டிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

பத்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள் அவள். தங்கை அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் பள்ளியில் சேர்த்தது, கையெழுத்துப் போட்டது, மழை நாளில் போய் அழைத்து வந்தது எல்லாம் அக்காதான். தங்கை டிப்ளமா முடித்து ஒரு கிரில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடு கட்டுகிறவர்கள் வந்து கேட் வேண்டும், ஜன்னல் கம்பி வேண்டும் என்பார்கள். தங்கை காகிதத்தில் டிசைன் போட்டுக் காட்டுவாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பட்டறைத் தரையில் சாக்பீஸால் அதே டிசைனை முழு அளவில் வரைவாள். வெல்டிங் ஆட்கள் கம்பியை வளைத்து அந்தக் கோட்டின் மேலேயே வைத்துப் பார்ப்பார்கள். நூல் பிடித்தாற்போல் உட்கார்ந்துவிடும்.

பட்டறையில் போடும் கோடு வயிற்றுக்கு. வீட்டில் போடும் கோடு வேறு. ஜன்னலோரம் ஒரு மடக்கு மேசை, நாலு மசிப் பேனா, ஒரு கட்டுக் காகிதம். மூன்று வருஷம், வேலை விட்டு வந்து சாயங்காலம் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுநாள் என்று உட்கார்ந்து ஜப்பான் பாணிச் சித்திரக்கதை, அதாவது ஒரு மாங்கா வரைந்து முடித்திருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பெயர் 'கருங்கதவு மாளிகை'.

"மாங்கான்னு பேரு வெச்சிருக்காங்க, ஒரு கடி கடிச்சா புளிப்பாவது இருக்கா?" என்றாள் அம்மா. பத்துப் பக்கம் பார்த்துவிட்டு, கழுத்தில் பல் இறங்கும் இடம் வந்ததும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "ஏன்டி, ஒரு நல்ல பூ, ஒரு குழந்தை, இப்படி எதையாவது வரையக் கூடாதா? ரத்தக்காட்டேரியைத்தான் வரையணுமா?"

கதை இதுதான். கூரான வளைவு ஜன்னல்கள், சுழல் படிகள், மெழுகுவத்திகள் என்று ஒரு பழைய மாளிகை. அதில் ஒரு ரத்தக்காட்டேரி. முன்னூறு வயது, முகம் மட்டும் முப்பதிலேயே நின்றுவிட்டது. தூங்குகிறவர்கள் கழுத்தைத் தொடமாட்டான், எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் தொடுவான். மாளிகை வாசலில் யாரோ விட்டுப்போன ஒரு பெண் குழந்தையைத் தங்கையாக வளர்க்கிறான். அவள் வளர்கிறாள், நரைக்கிறாள், கிழவியாகிறாள். அவன் அப்படியே இருக்கிறான். கடைசியில் ஒரு பட்டப்பகலில் அந்தக் கிழவி இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுகிறாள்.

சித்திரக்கதைகளுக்கென்று இருந்த ஓர் இணையதளத்தில் தங்கை இதைப் போட்டாள். சின்னப் பதிப்பகம் ஒன்று நடத்தும் தளம் அது. விதி எளிமையானது. இரண்டு மாதத்துக்குள் குறைந்தது நாற்பது வாசகர்கள் கருத்து எழுத வேண்டும், ஐந்துக்குச் சராசரி நாலு நட்சத்திரமாவது வர வேண்டும். வந்தால் புத்தகமாக அச்சிடுவார்கள்.

"வரலைன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"வரலைன்னா இதோட நிறுத்திக்கறேன். கேட்டுக்கும் கிரில்லுக்கும் மட்டும் கோடு போட்டுக்கிட்டு இருக்கேன். மூணு வருஷம் போதும்கா."

சொன்னால் செய்கிறவள் அவள். அக்காவுக்கு அது தெரியும், அவள் வளர்ப்புதானே.

முதல் கருத்தே இரண்டு நட்சத்திரத்தோடு வந்தது. 'சும்மா ஒருத்தன்' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்: "ரத்தம் கம்மி, சோகம் ஜாஸ்தி. கடைசியில அந்தக் கிழவி திரும்பிக்கூட பார்க்காம போறா. இவளுக்கா இத்தனை பக்கம்?" தங்கை இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கைப்பேசியை அக்காவிடம் நீட்டினாள்.

"நான் இனிமே எதையும் படிக்க மாட்டேன். நீயே படிச்சு சொல்லு. உனக்குத்தான் எதுவும் ஒட்டாது."

அக்கா ஒரு நீள நோட்டு வாங்கினாள். வரிசை எண், பெயர், நட்சத்திரம், கருத்து என்று கோடு போட்டாள். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்ததும், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் அன்றைய கருத்துகளை வாசிப்பாள். நல்லதற்குக் குரல் ஏறாது, கெட்டதற்கு இறங்காது.

"எட்டு. 'பல் டாக்டர்'. நாலு. கோரைப்பல் அந்த இடத்தில் முளைத்தால் வாயை மூடவே முடியாது. ஆனாலும் கதை நல்ல கதை."

"நிஜமாவே பல் டாக்டரா?" என்றாள் தங்கை.

"யார் கண்டா. பதினொண்ணு. 'கரும்பூனை'. அஞ்சு. அந்த இரும்புக் கேட்டைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த நாட்டு அரண்மனையில் பார்த்து வரைந்தீர்கள்?"

தங்கைக்குப் புரை ஏறியது. அது போன வருஷம் ஓர் அரிசி வியாபாரி வீட்டுக்கு அவள் போட்டு, அவருக்குப் பிடிக்காமல் போன டிசைன்.

"பன்னிரண்டு. மூணு. காட்டேரி கதையில் காதலே இல்லையா? அண்ணன் தங்கைக்கு எதற்கு அவ்வளவு பெரிய மாளிகை?"

"நியாயமான கேள்வி. கூட்டிப் பெருக்கறது யாரு?" என்றாள் அம்மா.

"பதினஞ்சு. அஞ்சு. பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்து இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தேன். பரவாயில்லை."

அன்று தங்கை இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

இப்படி இருபத்திரண்டு கருத்து சேர்ந்த சமயத்தில் அக்கா ஒரு காரியம் செய்தாள். தளத்தின் விதிகளை அவள் ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். வரைந்தவர் தன் கதைக்குத் தானே கருத்துப் போடக் கூடாது என்று இருந்தது, வீட்டாரைப் பற்றி ஒன்றும் இல்லை. மாளிகையை அவளும்தான் படித்திருந்தாள், நாலு முறை. வாசகி இல்லையா அவள்? தொழிற்சாலை மதிய இடைவேளையில் உட்கார்ந்து, 'ஒரு வாசகி' என்ற பெயரில் பதினோரு குறைகளை வரிசையாக எழுதினாள்.

பக்கம் 12-ல் காட்டேரியின் கோட்டுக்குப் பட்டன் வலப்பக்கம், பக்கம் 15-ல் இடப்பக்கம். ஆண்கள் கோட்டுக்கு வலப்பக்கமே சரி. பக்கம் 33, மேலிருந்து இரண்டாம் கட்டம், மெழுகுவத்தி ஐந்து, அடுத்த கட்டத்தில் நாலு, யாரும் அணைக்கவில்லை. இப்படியே போய், கடைசியில்: பக்கம் 108, தங்கை போகும்போது திரும்பிப் பார்க்கும் படம் விட்டுப்போயிருக்கிறது.

நட்சத்திரம் போடும் இடத்தில் கொஞ்சம் யோசித்தாள். ஐந்து என்றால் ஸ்டிக்கரே ஒட்டாத பீஸ். பதினோரு ஸ்டிக்கர் ஒட்டிய பீஸுக்கு ஐந்து போட அவள் கை எழவில்லை. மூன்று போட்டாள். ஐந்துக்கு மூன்று என்றால் நூற்றுக்கு அறுபது, முதல் வகுப்பு. அவள் பள்ளியில் ஒருநாளும் வாங்காத முதல் வகுப்பு. அன்றைக்குச் சராசரி நாலே காலுக்கு மேல் இருந்தது. ஊரே ஐந்தும் நாலுமாக அள்ளிப் போடும்போது என் ஒரு மூன்று என்ன செய்துவிடும் என்று நினைத்தாள்.

அன்றிரவு அதையும் வாசித்தாள். "இருபத்திமூணு. 'ஒரு வாசகி'. மூணு." பிறகு பதினோரு குறை, அதே குரலில். தங்கை தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். முடிந்ததும், "அந்த நாலாவதை இன்னொரு தடவை வாசி" என்றாள். அவ்வளவுதான். அடுத்த இரண்டு வாரம் ஜன்னலோர மேசையில் விளக்கு எரிந்தது. திருத்திய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பழைய பக்கங்களுக்குப் பதிலாக ஏற்றினாள்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணியோடு கணக்கை மூடிவிடுவார்கள். பகல் ஒரு மணி வரை முப்பத்தொன்பது கருத்தே இருந்தது. ஒன்றரைக்கு நாற்பதாவது வந்தது. நாலு நட்சத்திரம். அக்கா நோட்டில் எழுதிவிட்டு, "நாப்பது ஆயிடுச்சு!" என்று எழுந்தே விட்டாள்.

"அப்ப பாஸா?" என்றாள் அம்மா.

அக்கா திரையைப் பார்த்தாள். சராசரி 3.97 என்றிருந்தது. இயந்திரத்தை நம்பாமல் நோட்டை எடுத்துக் கூட்டினாள். ஐந்து போட்டவர்கள் பதினைந்து பேர். நாலு, பதினாலு பேர். மூன்று, ஏழு பேர். இரண்டு போட்டவர்கள் மூன்று பேர். ஒன்று போட்ட புண்ணியவான் ஒருவர். மொத்தம் நூற்றைம்பத்தொன்பது. வேண்டியது நூற்றறுபது.

ஒரே ஒரு நட்சத்திரம்.

மூன்று போட்ட ஏழு பேரின் பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். இருபத்திமூன்றாம் எண்ணில் விரல் நின்றது. பயிரைக் காக்கப் போட்ட வேலியே பயிரை மேய்ந்த கதை.

தங்கை மேசையருகில் உட்கார்ந்து பேனாக்களைத் துடைத்து ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவுக்கா?"

"நூத்தி அம்பத்தொன்பது."

"ம்."

"அந்த இருபத்திமூணாவது ஆளு இருக்காளே..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"'மேலிருந்து இரண்டாம் கட்டம்'னு உலகத்துல வேற யாரு எழுதுவா? மத்தவங்க எல்லாம் ஒண்ணு 'சூப்பர்'ம்பாங்க, இல்லை 'மொக்கை'ம்பாங்க. நீ வாசிக்க ஆரம்பிச்ச உடனேயே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டி வாயைத் திறக்கலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே!"

"கேட்டு வாங்கற மார்க் எனக்கு வேணாம். அதுவும் உன்கிட்ட."

அம்மாவுக்கு விஷயம் அப்போதுதான் எட்டியது. "மூணா போட்டே? சொந்தத் தங்கச்சிக்கா? என்கிட்ட குடுத்திருந்தா ஆறு போட்டிருப்பேனேடி."

"அஞ்சுதாம்மா அதிகபட்சம்."

"அஞ்சைப் போட்டுட்டு மீதி ஒண்ணை அடுத்த கதைக்கு வெச்சிருப்பேன். இப்பவே என் பேர்ல போடு."

"புதுப் பேர் பதிஞ்சா ரெண்டு நாள் ஆகும்மா. தவிர நீ கண்ணைப் பொத்திக்கிட்டுதானே படிச்சே?"

போட்ட நட்சத்திரத்தை ஆறு மணிக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று விதியில் இருந்தது. அக்கா தன் கருத்தைத் திறந்தாள். மூன்றின் மேல் விரலைக் கொண்டுபோனாள். அங்கேயே நின்றுவிட்டது. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட, திரும்பப் பார்க்காமல் அவள் ஒரு ஸ்டிக்கரை உரித்ததில்லை. மேற்பார்வையாளர் கத்தியபோதும் உரித்ததில்லை. அதைவிட, கேட்டு வாங்கும் மார்க் வேண்டாம் என்று சொன்னவளுக்குப் பிச்சையாக ஒன்றைப் போடுவதா?

"ஆறு மணிக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கு" என்றாள். "முதல் பக்கத்துலேர்ந்து பாக்கறேன்."

"மறுபடியுமா?" என்றாள் தங்கை.

"திருத்தி வந்த பீஸை அப்படித்தான் பாக்கணும்."

திருத்திய காகிதக் கட்டையும் அடி ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். பக்கம் 15, பட்டன் வலப்பக்கம் வந்திருந்தது. பக்கம் 33, மெழுகுவத்தி ஐந்துக்கு ஐந்து. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகள் எண்ணிக்கை மாறவில்லை. ஒவ்வொன்றாக நோட்டில் டிக் போட்டாள். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள், ஆடை கட்டியது, எடுத்துக்கொண்டு போனாள். நாலரை மணிக்குப் பக்கம் 61-ல் அக்காவின் ஸ்கேல் நின்றது.

"இங்க வா."

"என்ன?"

"பட்டனை வலப்பக்கம் மாத்தியிருக்கே. பட்டன் நுழையற காஜாவை மாத்தலை. அதுவும் வலப்பக்கமே இருக்கு. இந்தக் கோட்டை எப்படிப் போடுவான்? பட்டன் பட்டனோட பேசிக்கிட்டிருக்குமா?"

தங்கை குனிந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "முன்னூறு வருஷமா அவன் கோட்டைக் கழட்டவே இல்லைன்னு வெச்சுக்கோயேன்."

"வெச்சுக்க முடியாது."

பத்து குறையும் சரியாகியிருந்தன. புதிதாக ஒன்று முளைத்திருந்தது. ஐந்தரை ஆகும்போது பக்கம் 108 வந்தது. அது முன்பு இருந்தபடியே இருந்தது. கிழவியின் முதுகு, அவிழ்ந்த நரைமுடி, திறந்த இரும்புக் கேட், வெயில்.

"இதை மட்டும் ஏன் தொடலை? பதினொண்ணாவது குறை."

"அது விட்டுப்போகலைக்கா. வேணும்னே விட்டது."

"அறுபது எழுபது வருஷம் கூட இருந்தவ ஒரு தடவை திரும்பிப் பாக்க மாட்டாளா? கழுத்துல என்ன சுளுக்கா? குழந்தையிலேர்ந்து தூக்கி வளர்த்தவன்டி அவன்." அக்காவின் குரல் வருகைப் பதிவுக் குரலாக இல்லை. அது அவளுக்கே கேட்டது.

தங்கை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "சரி, அவ திரும்பிப் பாக்கறான்னு வெச்சுக்கோ. அவன் என்ன செய்வான்?"

"என்ன செய்வான்..."

"முந்தின பக்கத்தைப் பாரு."

அக்கா 107-ஐப் பார்த்தாள். காட்டேரி வாசலில் நிற்கிறான். அவன் காலணியின் தையலைக்கூட அவள் முன்பே சரிபார்த்திருந்தாள். காலணி எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்கவில்லை. மாளிகையின் நிழல் தரையில் ஒரு கோடாக முடிகிறது. அவன் காலணியின் முனை சரியாக அந்தக் கோட்டில் இருக்கிறது. அதற்கு அப்பால் ஒரு முடியளவுகூட இல்லை.

"ஓடி வருவான்" என்றாள் அக்கா மெதுவாக.

"வெளிய என்ன இருக்கு?"

"வெயில்." அவள் மறுபடி 108-ஐப் பார்த்தாள். "எரிஞ்சு போவான். அதான் அவ திரும்பலை."

"அதான் திரும்பலை."

மணி ஐந்து நாற்பது. அக்கா தன் கருத்தைத் திறந்து பழையதன் கீழே எழுதினாள். அவள் தட்டச்சு மெதுவானது. 'மறுபடி பார்த்தேன். முதல் பத்து குறைகள் சரியாகிவிட்டன. பதினொன்றாவது குறை கதையில் இல்லை, என் கண்ணில் இருந்தது. பக்கம் 107-ல் அவன் கால் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு 108-ஐப் பாருங்கள். அவள் ஏன் திரும்பவில்லை என்று தெரியும். புதிய குறை ஒன்று: பக்கம் 61, காஜா.' பிறகு நட்சத்திரத்தைத் தொட்டாள். நாலு.

திரையில் எண் மாறியது. 4.00.

"நாலா?" தங்கை எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி, அஞ்சு போட்டா உன் சொத்தா கரைஞ்சிடும்?"

"காஜா இருக்கில்ல."

"இன்னும் இருபது நிமிஷத்துல எவனாவது வந்து ஒண்ணைப் போட்டான்னா முடிஞ்சுது!"

"போட்டா போடட்டும்" என்றாள் அக்கா. கண்ணை எண்ணிலிருந்து எடுக்கவில்லை.

மூன்று பேரும் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மாகூடக் கண்ணைப் பொத்தாமல் பார்த்தாள். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு எண் அசைந்தது. தங்கை அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். புதிய கருத்து இல்லை, பழைய ஒருவர் தன் கருத்தை மாற்றியிருந்தார். அக்கா வாசித்தாள்.

"ஒண்ணு. 'சும்மா ஒருத்தன்'. மேலே ஒரு வாசகி சொன்னதைப் படித்துவிட்டு 107-ஐ மறுபடி பார்த்தேன். நிழல் ஓரத்தை நானும் கவனிக்கலை. கிழவியைத் திட்டினதுக்கு மன்னிப்பு. ரத்தம் இப்பவும் கம்மிதான்." நிறுத்தினாள். "ரெண்டை நாலாக்கியிருக்கார்."

4.05. ஆறு மணிக்குப் பக்கம் மூடிக்கொண்டது. கீழே ஒரு வரி வந்தது, அச்சுக்குத் தேர்வானது என்று.

அம்மா ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, காட்டேரி பாஸாகிவிட்டான் என்று சொன்னாள். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. தங்கை முகத்தை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள், நடுவில் கொஞ்சம் அழுதாள். அக்கா நோட்டில் தேதி போட்டு மொத்தம் நூற்றறுபத்திரண்டு என்று எழுதி அடியில் கோடு கிழித்தாள். மூடாமல் அப்படியே கையில் வைத்திருந்தாள்.

"ஏன்டி," என்றாள் கடைசியில், "அவ போனதுக்கப்புறம் அவன் அவ்வளவு பெரிய மாளிகையில தனியா என்ன செய்வான்?"

"தெரியலைக்கா. அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். நீ என்ன நினைக்கிறே?"

குறை என்ன என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். இப்படி யாரும் அவளை இதுவரை கேட்டதில்லை. நோட்டை மடியில் வைத்துவிட்டு அடி ஸ்கேலைக் கையில் எடுத்தாள்.

"அளப்பான்" என்றாள்.

"என்னத்தை?"

"நிழலை. காலையில எதுவரைக்கும் போகுது, சாயங்காலம் எதுவரைக்கும் போகுது, எந்த மாசம் எவ்வளவு நீளுதுன்னு தரையில கோடு போட்டுக் குறிச்சு வெப்பான். அவனுக்கென்ன, நேரமா இல்லை? ஒருநாள் இல்லைன்னா ஒருநாள் மாளிகை நிழல் கேட் வரைக்கும் போகுமில்ல? அன்னிக்கு அவன் பட்டப்பகல்லயே கேட்டுக்கிட்ட நின்னு அவ போன தெருவைப் பாக்கலாமில்ல?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு அக்காவின் மடியிலிருந்த நோட்டைப் பிடுங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "மெதுவா, முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.